கடைமாடியிலிருந்து கண்டெய்னர் வரை

27015. கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டின் சர்வர் திறந்து வைத்திருக்கும் கதவின் எண் இது. கணினி உலகில் போர்ட் என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஜொகூர் பாருவின் சைபர் கஃபேக்களில் மாலைகளைக் கழித்தவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் இன்றும் முகம் மலரும். கன்சோலைத் திறந்து, கடையின் உள்வலை முகவரியோடு இந்த எண்ணையும் தட்டினால் போதும். அடுத்த நொடி டஸ்ட் 2 வரைபடத்தின் மணல் நிறச் சுவர்களுக்கு நடுவே நிற்கலாம். எதிரியாக நிற்பவன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பையன். யார் சுட்டது பட்டது, யார் செத்தார் என்று இருவருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்ன சர்வரோ, அதே கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரணப் பெட்டி.

அந்தப் பெட்டி பிறகு எங்கெங்கே போனது, யார் யார் கைக்கு மாறியது, எப்படிப் பாதி வழி திரும்பி வந்தது என்பது எழுதி வைக்க வேண்டிய வரலாறு. பெர்மாஸ் ஜெயா போன்ற ஒரு புறநகரில் நின்று பார்த்தால் அது தெளிவாகவே தெரிகிறது.

பெர்மாஸ் ஜெயா, பிளென்தோங் வட்டாரத்தின் கடலோரக் குடியிருப்பு. மேற்கே தெப்ராவ் ஆற்றின் மேல் போகும் பாலம் அதை நகரின் மையத்தோடு இணைக்கிறது. கிழக்கே மாசாய், அதைத் தாண்டிப் பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைகளும் துறைமுகமும். தெற்கே ஜொகூர் நீரிணை. செனிபோங் கரைக்குப் போனால் எதிரே சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களாக மாறினார்கள். கடைவரிசைகளில் கீழே சாப்பாட்டுக்கடை, கிளினிக், சலவைக்கடை. மாடியில் டியூஷன் வகுப்பு, ஸ்னூக்கர், சைபர் கஃபே. மலேசியத் தாமான்களுக்கெல்லாம் பொதுவான அமைப்பு இது.

மாடிப்படி ஏறிப் போக வலுவான காரணம் இருந்தது. மலேசியாவில் முதலில் மைமோஸ் நிறுவனத்தின் ஜாரிங், 1996-இல் டெலிகாம் மலேசியாவின் டிஎம்நெட் என்று இணையம் பரவியபோது, வீட்டில் கிடைத்தது தொலைபேசிக் கம்பியில் மோடம் கத்தும் இணைப்பு. ஒரு சொடுக்கு சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்ப இருநூறு, முன்னூறு மில்லிநொடி ஆகும். மின்னஞ்சலுக்கு அது பொருட்டே இல்லை. துப்பாக்கிச் சண்டையில் அந்த நேரத்துக்குள் ஆள் செத்துவிடுவான். கடையின் உள்வலையிலோ அதே பயணம் ஒரு மில்லிநொடிக்குள் முடிந்தது. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை வந்த பிறகும் இந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

சர்வர் என்ற தனி நடுவர் எல்லா விளையாட்டுக்கும் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற எழுத்து விளையாட்டில், எல்லாரும் பல்கலைக்கழகத்தின் ஒரே பெரிய கணினிக்குள் நுழைந்து விளையாடினார்கள். 1993 டிசம்பரில் வந்த டூம் வேறு வழியில் போனது: நான்கு பேர், நான்கு கணினி, நடுவில் யாரும் இல்லை. எல்லாக் கணினிகளும் ஒரே அடியில் நடக்க வேண்டும் என்பதால், மெதுவான ஒரு கணினி மற்ற மூன்றையும் காக்க வைத்துவிடும். 1996-இல் ஐடி சாஃப்ட்வேர் க்வேக்கை வெளியிட்டபோதுதான், விளையாட்டின் உண்மை நிலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் செய்தி அனுப்பும் சர்வர் நிலைபெற்றது. அந்த ஆண்டு இறுதியில் ஜான் கார்மாக் க்வேக்வேர்ல்டை வெளியிட்டார். சர்வரின் பதில் வருவதற்கு முன்பே வீரரின் அடுத்த நகர்வைக் கணித்துத் திரையில் காட்டும் உத்தி அதில் இருந்தது. மோடம் வைத்திருந்தவர்களுக்கு அதுதான் வாழ்வளித்தது.

அதைவிடப் பெரிய கொடை வேறொன்று. சர்வர் மென்பொருளை விளையாடுபவர் கையிலேயே கொடுத்தார்கள். க்வேக்கின் எஞ்சினிலிருந்து வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃபை உருவாக்கியது; மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-இல் அதன் மேல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கைக் கட்டினார்கள். அதன் சர்வரை யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம், கட்டணம் கிடையாது. ஜொகூரின் கடைமாடியில் சர்வர் ஓடியது இந்தத் தாராளத்தால்தான். எந்த வரைபடம், எத்தனை சுற்று, நண்பனைச் சுட்டால் படுமா படாதா என்பதையெல்லாம் ஒரு சின்ன எழுத்துக்கோப்பில் கடைக்காரரே தீர்மானித்தார்.

கடைக்காரர்களுக்கு இன்னொரு அறிவும் இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பாராட்டியதில்லை. நாள் முழுக்க முகம் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்து எழும் கணினிகளில் வைரஸ் ஏறும், கோப்புகள் அழியும், அமைப்புகள் மாறும். ஆசியா முழுக்க சைபர் கஃபேக்கள் இதற்கு டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்களை நம்பின. வட்டின் நிலையை ஒரு நாளில் உறைய வைத்துவிட்டால், கணினியை அணைத்துப் போட்டதும் நடுவில் நடந்த எல்லாம் மறைந்து பழைய சுத்தமான நிலை திரும்பும். காப்பாற்ற வேண்டியதை மட்டும் உறையாத தனிப் பகுதியில் வைக்க வேண்டும். மாறாத மூலம் ஒரு பக்கம், மாறும் தரவு இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து உலகம் முழுக்க சர்வர் ஓட்டும் தொழிலே இதன் மேல் நின்றது.

அடுத்து வார்கிராஃப்ட் 3-ம் அதிலிருந்து பிறந்த டோட்டாவும் கடைகளைப் பிடித்துக்கொண்டன. சிங்கப்பூரிலிருந்து வந்த கரீனா, தூரத்தில் இருக்கும் கணினிகளை ஒரே உள்வலையில் இருப்பதாக விளையாட்டை நம்ப வைத்தது. பெர்மாஸ் ஜெயாவில் இருப்பவரும் பினாங்கில் இருப்பவரும் ஒரே அறையில் சேர்ந்தார்கள். ஆனாலும் ஆட்டத்தை நடத்தியது விளையாடுபவர்களில் ஒருவரின் கணினிதான். அவர் வீட்டில் மின்சாரம் போனால் ஆட்டம் அத்தோடு சரி.

2006 டிசம்பர் 26-இல் தைவானின் தென்கோடியில் நிலம் அதிர்ந்து கடலடிக் கேபிள்கள் அறுந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இணையம் வாரக்கணக்கில் தவழ்ந்தது. கடைக்குள்ளேயே ஓடும் சர்வருக்கு அந்தக் கேபிள்கள் தேவைப்படவில்லை. அருகில் இருக்கும் சர்வரின் அருமை என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

திருப்பம் 2009-இல் வந்தது. கால் ஆஃப் டியூட்டி வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிப் பதிப்பில், தனி சர்வர் ஓட்டும் வசதியே இருக்காது என்று அதைத் தயாரித்தவர்கள் அறிவித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். பயன் இல்லை, விளையாட்டு சக்கைப்போடு போட்டது. அமேசானின் மேகக் கணினிச் சேவை 2010-இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மலேசியாவில் யூனிஃபை கண்ணாடியிழை இணைப்பு வந்தது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸை கரீனா இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தது. டோட்டா 2-க்கு வால்வ் நிறுவனமே சிங்கப்பூரில் சர்வர்களை வைத்தது. விளையாடுபவருக்கு வசதி கூடியது என்பதை மறுக்க முடியாது. ஏமாற்றுக்காரர்கள் குறைந்தார்கள், தரவரிசை வந்தது, ஆட்டத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கஃபே வளர்த்த திறமை உலக மேடையும் ஏறியது: 2013-இல் சியாட்டலில் நடந்த தி இன்டர்நேஷனல் டோட்டா போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் விதிகளை எழுதும் அந்தச் சின்ன எழுத்துக்கோப்பு கடைக்காரர் கையைவிட்டுப் போய்விட்டது. கடையில் சர்வராக ஓடிய பெட்டிக்கு வேலை இல்லை.

அதை மறுபடி வேலைக்கு அழைத்தது மைன்கிராஃப்ட். 2011 நவம்பரில் முழுப் பதிப்பாக வந்த அந்த விளையாட்டின் சர்வர் கோப்பை எவரும் இலவசமாக இறக்கலாம். பத்துப் பதினைந்து நண்பர்கள், அவர்களுக்கென்று ஒரு தனி உலகம். கூடவே தலைவலியும் வந்தது. ஒரு பதிப்புக்கு ஜாவா 8 வேண்டும், 1.17-க்கு ஜாவா 16, 1.18-க்கு 17, 1.20.5-க்கு 21. மாட் எனப்படும் பழைய கூடுதல் நிரல்களோடு ஓர் உலகத்தையும் புதிய பதிப்பில் இன்னோர் உலகத்தையும் ஒரே கணினியில் வைத்திருக்க நினைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய கவுண்டர்-ஸ்ட்ரைக் சர்வரோ 32-பிட் நூலகங்களைக் கேட்டு, புதிய 64-பிட் லினக்ஸில் ஓட மறுத்தது. ஒன்றுக்காக ஒன்றை மாற்றினால் மற்றது கவிழ்ந்தது.

இந்தச் சிக்கலுக்கான மருந்து வேறொரு தெருவில் நெடுங்காலமாகக் காய்ச்சப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிரலுக்கு வட்டின் ஒரு மூலையை மட்டும் காட்டி, அதுதான் முழு உலகம் என்று நம்ப வைக்கும் சிரூட் கட்டளை 1979-இலேயே யூனிக்ஸில் இருந்தது. ஒரே கணினியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட வேண்டிய தேவையிலிருந்து, 2000-ஆம் ஆண்டு ஃப்ரீபிஎஸ்டி 4.0-இல் ஜெயில் வந்தது. கூகுளின் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கி, ஒரு நிரல் கூட்டம் எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்று அளந்து கொடுக்கும் சிகுரூப்பை எழுதினார்கள். 2008-இல் அது லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. இவையெல்லாவற்றையும் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளாக, சாதாரணப் பொறியாளர் கைக்கு அடங்கும்படி கட்டிக் கொடுத்தது டாக்கர். 2013 மார்ச்சில் சாந்தா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் சில நிமிடப் பேச்சில் அதை அறிமுகம் செய்தார். கண்டெய்னர்களைச் சுமக்கும் திமிங்கலம் அதன் சின்னம். பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கண்டெய்னரின் மூலமான இமேஜ் மாறாதது. சர்வர் நிரல், அதற்கேற்ற ஜாவா, நூலகங்கள் எல்லாம் அதற்குள் உறைந்திருக்கும். அதிலிருந்து எழுப்பிய கண்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதியது எல்லாம் போய்விடும். காப்பாற்ற வேண்டியதை, அதாவது பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய உலகத்தை, வெளியே வால்யூம் என்ற தனிப் பகுதியில் வைக்க வேண்டும். சைபர் கஃபே நடத்தியவருக்கு இது புதுப் பாடமே அல்ல. ஜாவா 8 கேட்கும் உலகமும் 21 கேட்கும் உலகமும் ஒன்றையொன்று அறியாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். 2014-இல் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் சிங்கப்பூரில் தரவு மையம் திறந்தபோது, மாதம் 5 டாலருக்கு ஒரு சிறிய லினக்ஸ் சர்வர் கிடைத்தது. நீரிணைக்கு அந்தப் பக்கம், அதிகம் போனால் முப்பது நாற்பது கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளிக்கு அது ஒரு மில்லிநொடிக்கும் குறைவான தூரம். இணையச் சேவையாளர் தரவுப் பொட்டலத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிச் சுற்ற விடாமல் இருந்தால் போதும்.

இணையதளம் ஓட்டுவதற்காக வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம் விளையாட்டுக்கு அப்படியே பொருந்திவிடவில்லை. இதில் கைவைத்தவர்கள் கற்றுக்கொண்ட பாடங்கள் சுவையானவை. போர்ட்டைத் திறக்கும்போது வேறொன்றும் சொல்லாவிட்டால் டாக்கர் அதை டிசிபி என்ற தொடர்பு முறைக்கானது என்றே எடுத்துக்கொள்ளும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு அது சரி. 25565-ஆம் போர்ட்டில் அது டிசிபியில்தான் பேசுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டமோ யுடிபி என்ற வேறொரு முறையில் பேசுகிறது. சர்வர் நன்றாக ஓடும், பதிவுகளில் ஒரு பிழையும் இருக்காது, ஒருவராலும் உள்ளே வர முடியாது.

செயலி நேரத்தின் கதை இன்னும் நுட்பமானது. லினக்ஸ் இயல்பாக 100 மில்லிநொடியை ஒரு கணக்காக வைத்துப் பங்கு கொடுக்கிறது. ஒரு கண்டெய்னருக்கு அரைச் செயலி என்று வரம்பு போட்டால், ஓயாமல் வேலை செய்யும் நிரலை 50 மில்லிநொடி ஓடவிட்டு அடுத்த 50 மில்லிநொடி கட்டிப்போடும். செய்தித்தளம் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு 50 மில்லிநொடிதான் இடம். கட்டிப்போட்ட அந்த இடைவெளி ஒரு முழுத் துடிப்பையே விழுங்கிவிடும். சராசரிக் கணக்கில் செயலி பாதி சும்மா இருப்பதாகத் தெரியும். ஆட்டமோ விக்கி விக்கிப் போகும்.

நினைவகத்திலும் அதே வகைப் பொறி உண்டு. கண்டெய்னருக்கு 4 ஜிபி கொடுத்து, ஜாவாவையும் 4 ஜிபி எடுத்துக்கொள்ளச் சொன்னால், தன் சொந்தத் தேவைக்கு ஜாவா இன்னும் கொஞ்சம் கேட்கும்; கர்னல் அதைக் கொன்றுவிட்டு 137 என்ற எண்ணை மட்டும் விட்டுச் செல்லும். நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு டாக்கர் 10 நொடிதான் பொறுத்திருக்கும். பெரிய உலகத்தை வட்டில் எழுதி முடிக்க அது போதாமல் போகலாம். நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் குறுக்கே நின்றால் அந்த வேண்டுகோள் சர்வரின் காதுக்கே போகாது. விவரம் தெரிந்தவர்கள் பொறுக்கும் நேரத்தை ஒரு நிமிடமாவது கூட்டி வைப்பார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதே சுவரில் முட்டின. கண்டெய்னர்களை ஆயிரக்கணக்கில் மேய்க்கும் குபர்நெட்டிஸ், எந்தக் கண்டெய்னரையும் எப்போது வேண்டுமானாலும் கொன்று வேறிடத்தில் எழுப்பலாம் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. உள்ளே நூறு பேர் சண்டையின் உச்சத்தில் இருக்கும்போது அப்படிச் செய்ய முடியுமா? 2018-இல் கூகுளும் யூபிசாஃப்டும் சேர்ந்து வெளியிட்ட அகோனெஸ் இதற்காகத்தான் பிறந்தது. ஆட்டம் நடக்கும் சர்வரைத் தொடாதே என்று குபர்நெட்டிஸுக்குப் புரிய வைப்பதே அதன் முதல் வேலை. ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் தன் சொந்தத் தரவு மையங்களில் வேறு மென்பொருளைக் கொண்டு 18,000-க்கும் மேற்பட்ட சர்வர்களில் 1,70,000 கண்டெய்னர்களை ஓட்டியது. 2021 அக்டோபர் இறுதியில், அவை ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் கான்சல் என்ற ஒரே அமைப்பு திணறியதால், 73 மணி நேரம் முழு ரோப்லாக்ஸும் படுத்துவிட்டது. அன்றாடம் விளையாட வந்த ஐந்து கோடிப் பேருக்கு அது வெறும் பூட்டிய கதவு.

அதற்கு முந்தைய ஆண்டு ஜொகூர் வேறொரு பூட்டைப் பார்த்திருந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சிங்கப்பூர்ப் பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. நிலவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அக்கரையில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பெற்றோர்களும் அண்ணன்மார்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். சைபர் கஃபேக்கள் இழுத்து மூடப்பட்டன. அந்தக் காலத்தில் மனிதர்கள் கடக்க முடியாத நீரிணையைத் தரவுப் பொட்டலங்கள் மட்டும் எந்நேரமும் கடந்துகொண்டிருந்தன. வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வரில் தம்பியும் அக்காள் மகனும் சேர்ந்து மரம் வெட்டி வீடு கட்ட முடிந்தது என்பதைச் சின்ன விஷயமாக எண்ணுவது தவறு.

இதற்கிடையே சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை அவை அப்போதே எடுத்துக்கொண்டிருந்தன. நெருக்கடி பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது. கூலாய்க்கு அருகே செடெனாக்கிலும், இஸ்கண்டார் புத்ரியின் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவிலும் ஜன்னல் இல்லாத பெருங்கட்டடங்கள் எழுந்தன. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் தரவு மையப் பூங்காவே கட்டியது. தோட்டங்கள் நிறைந்திருந்த மண்ணில் இன்று மின்சாரமும் தண்ணீரும் பற்றிய வாதம் நடக்கிறது. அந்தக் கட்டடங்களின் பெரும் பசி செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்கே. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சுடும் தோட்டா இன்றும் சிங்கப்பூரில் இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் பட்டதா இல்லையா என்று கேட்டு வருகிறது. இவ்வளவு கட்டடம் எழும்பும் மாநிலத்தில், உள்ளூர்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஓர் ஓரமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

சர்வர் யார் கையில் என்ற கேள்வி இப்போது சட்டமன்ற வாசல்வரை போயிருக்கிறது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. ராஸ் ஸ்காட் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், சேவையை நிறுத்தும் நாளில் விளையாட்டைத் தொடர்ந்து ஆடத்தக்க நிலையில் விட்டுப் போக வேண்டும் என்று கேட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்துகளைச் சேர்த்தது. தனியார் சர்வர் எல்லா விளையாட்டுக்கும் சாத்தியமில்லை என்கின்றன நிறுவனங்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. இன்றைய பெரிய விளையாட்டின் சர்வர் ஒற்றைக் கண்டெய்னர் அல்ல. கணக்கு, தரவரிசை, பண்டமாற்று என்று ஒன்றையொன்று கூப்பிடும் பல சேவைகளின் கூட்டம். ஆனால் அந்தச் சேவைகளையும் பெரும்பாலும் கண்டெய்னர்களாகவே கட்டி வைத்திருக்கும்போது, கைமாற்றித் தருவது முன்பைவிட எளிதாகவே இருக்க வேண்டும். ஐடி சாஃப்ட்வேர் 1999 டிசம்பரில் க்வேக்கின் மூல நிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டது. அதன் சர்வரை இன்று ஒரு மலிவு விலைக் கணினியில், சில மெகாபைட் கண்டெய்னருக்குள் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம். தி க்ரூவுக்கோ, ரசிகர்கள் ஓராண்டுக்கு மேல் பொட்டலம் பொட்டலமாக ஆராய்ந்து, சர்வரைத் தாங்களே புதிதாக எழுத வேண்டியிருந்தது.